சோன் அந்த கோலை அடித்திருக்க வேண்டுமா? (சேவல்கொடி அண்ணன் நேரடியாகப் பதில் சொல்லவும்)

#1 பீரங்கிப் பாபு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆர்சனல் அவருடைய ஸ்பர்ஸை 4-1 அடித்ததிலிருந்து சேவல்கொடி அண்ணனைக் காணவில்லை. எஸே மூன்றாவது கோலைப் போட்டபோது அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நானே பார்த்தேன். அடுத்த நிமிடம் அணைந்துவிட்டது. ஆகஸ்டில் ஸ்பர்ஸ் எஸேயை வாங்க இருந்தபோது “எஸே எங்கள் வீட்டு மாப்பிள்ளை, தாம்பூலம் மாற்றியாகிவிட்டது” என்று எழுதியவர் அவர்தான். மாப்பிள்ளை கடைசி நேரத்தில் மண்டபம் மாறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். 13 வயதில் நாங்களே வேண்டாம் என்று அனுப்பிய பையன் அவர் என்பது வேறு கதை, அதை இங்கே யாரும் கிளற வேண்டாம்.

சரி, அண்ணனை அழ வைக்க இந்த இழையைத் தொடங்கவில்லை. (கொஞ்சம் அதற்கும்தான்.) ரொம்ப நாளாக ஒரு கேள்வி இருக்கிறது. 2024 மே 14. ஸ்பர்ஸ் மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டி ஆடுகிறது. சிட்டி தோற்றாலோ டிரா செய்தாலோ கடைசி நாளில் ஆர்சனல் மேலே இருக்கும். ஸ்பர்ஸ் ஜெயித்தால் அவர்களுக்கும் நான்காம் இடத்துக்கு (சாம்பியன்ஸ் லீக் இடம்) வாய்ப்பு மிச்சம். ஆனால் ஆர்சனல் கப் எடுத்துவிடக் கூடாதே என்று, மைதானத்தில் பாதிப் பேர் சொந்த அணி தோற்க வேண்டும் என உட்கார்ந்திருக்கிறார்கள். ஹாலண்ட் கோல் அடித்ததும் எங்களைக் கிண்டல் செய்து பாட்டு வேறு. 86வது நிமிடம். ஸ்பர்ஸின் சோன் தனியாகப் பந்தோடு ஓடுகிறார். எதிரே ஒர்டேகா ஒருவர்தான், அவரும் எடர்சனுக்கு அடிபட்டதால் உள்ளே வந்த மாற்று கோல்கீப்பர். சோன் உதைத்தார், ஒர்டேகா காலை நீட்டித் தடுத்தார், கோட்டுக்கு வெளியே கார்டியோலா நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தார்.

அண்ணே, சோன் ஓடிய அந்த நாலைந்து விநாடி உங்கள் மனசில் என்ன இருந்தது? உள்ளே போகணும் என்றா, போகக் கூடாது என்றா? சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தை.

#2 கடைசிநிமிடம்99

சுண்டல் வாங்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.

#3 நீலச்சட்டை

ஒர்டேகாவுக்கு எங்கள் சிட்டி மைதானம் எத்திஹாட் வாசலில் ஒரு சிலை வைத்தாலும் தகும். அதற்கு 100 காரணம் சொல்வேன்.

#4 மிட்டாய்க்கடை

115 என்று சொல்லு தம்பி, உங்கள் சிட்டி மேல் இருக்கிற நிதிக் குற்றச்சாட்டு அத்தனை. உங்கள் கணக்கில் எப்போதும் கொஞ்சம் விட்டுப்போகிறது.

#5 சேவல்கொடி

வேலை இருந்தது பாபு. எல்லோரும் உன்னைப் போல அடுத்தவன் வீட்டுப் பச்சை விளக்கை எண்ணிக்கொண்டிருக்க முடியுமா?

ஒரே வார்த்தை கேட்கிறாய், சொல்கிறேன். ஆனால் நாங்கள் ஏன் இப்படி ஆனோம் என்று தெரியாமல் பதிலை மட்டும் வாங்கினால் உனக்குச் செரிக்காது. உன் கிளப் பிறந்தது தேம்ஸ் நதிக்குத் தெற்கே, உல்லிச் ஆயுதத் தொழிற்சாலையில். சின்னத்தில் பீரங்கி இருப்பது அதனால்தான். அங்கே கூட்டம் வரவில்லை, கையில் காசில்லை. 1913இல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி, எங்கள் மைதானத்துக்கு நாலு மைல் தள்ளி ஹைபரியில் குடியேறினீர்கள். வந்தவனை விரட்ட முடியாது, இருந்துவிட்டுப் போ என்று விட்டோம். ஆறாவது வருஷம் வீட்டுக்காரனையே வெளியே தள்ளினால் எப்படி இருக்கும்?

1914-15 சீசன் முடிவில் முதல் டிவிஷனில் நாங்கள் கடைசி, 20வது இடம். செல்சி 19. அப்புறம் போர். 1919இல் மறுபடி லீக் தொடங்கும்போது 20 அணியை 22 ஆக்கினார்கள். இடம் கூடும்போது கீழே இருக்கிறவனை அப்படியே வைத்துக்கொள்வதுதான் வழக்கம். செல்சியை அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள், மறுபேச்சு இல்லை. எங்கள் இடத்துக்கு மட்டும் வாக்கெடுப்பு. ஆர்சனல் இரண்டாம் டிவிஷனில் அஞ்சாவதா ஆறாவதா என்று அவர்களுக்கே பல வருஷம் சரியாகத் தெரியாது, அப்படி ஒரு இடம். அவர்களுக்கு 18 ஓட்டு, எங்களுக்கு 8. உங்கள் சேர்மன் ஹென்றி நோரிஸ் கதவு கதவாக ஏறி இறங்கினார். லீக் தலைவர் ஜான் மெக்கென்னா எழுந்து நின்று ஆர்சனலுக்காகப் பேசினார். அன்றைக்கு ஏறியவர்கள் இன்றுவரை இறங்கவே இல்லை. “1919லிருந்து முதல் டிவிஷனில் இருக்கிறோம்” என்று மார்தட்டுகிறீர்களே, அந்த 1919 எப்படி வந்தது என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறாயா?

#6 பீரங்கிப் பாபு

கேட்டது 2024. பதில் 1919லிருந்து ஆரம்பம். அடுத்த பதிவில் சோழர் காலத்துக்குப் போவார் போல.

ஓட்டுப் போட்டு ஜெயித்தோம் அண்ணே. நோரிஸ் காசு கொடுத்து வாங்கினார் என்று நூறு வருஷமாகச் சொல்கிறீர்கள், ஒரு துண்டுச் சீட்டாவது யாராவது காட்டியிருக்கிறார்களா? அநியாயம் என்று அழ வேண்டியவர்கள் நீங்கள் இல்லை, பார்ன்ஸ்லிக்காரர்கள். இரண்டாம் டிவிஷனில் மூன்றாவது வந்தும் அவர்களுக்கு 5 ஓட்டுதான். நாலாவது வந்த உல்வ்ஸுக்கு 4. அவர்களுக்காக நீங்கள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதுண்டா? நீங்கள் கடைசி இடம். கடைசி இடத்துக்காரனுக்கு என்ன உரிமை?

#7 சேவல்கொடி

நோரிஸை 1927இல் கால்பந்துச் சங்கமே தடை செய்தது, கிளப் பணத்தை எடுத்து சொந்தச் செலவு செய்தார் என்று. அது வேறு வழக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்வதற்காகச் சொன்னேன்.

இறக்கிவிட்ட அடுத்த சீசனே இரண்டாம் டிவிஷன் சாம்பியனாகத் திரும்பி வந்தோம் என்பதையும் குறித்துக்கொள்.

இன்னொரு கதை உண்டு. 1909இல் எங்கள் அணி தென் அமெரிக்கா போய்த் திரும்பியபோது கப்பல் கேப்டன் ஒரு கிளியைப் பரிசாகக் கொடுத்தாராம். அது பத்து வருஷம் மைதானத்திலேயே வளர்ந்து, ஆர்சனலுக்கு எங்கள் இடத்தைக் கொடுத்த அன்றைக்குச் செத்துப்போனதாம். உண்மையா பொய்யா தெரியாது. எங்களுக்கு அது உண்மை.

#8 பீரங்கிப் பாபு

கிளி கூடத் தாங்கவில்லை. நீங்கள் எப்படி இத்தனை வருஷம் தாங்குகிறீர்கள்?

#9 ஆன்ஃபீல்டு அண்ணாச்சி

ரெண்டு பேரும் ஒரு முக்கியமான ஆளை விட்டுவிட்டீர்கள். செல்சி 19வது இடத்துக்கு எப்படிப் போனது? 18வது இடத்தில் ஒரே ஒரு புள்ளி கூடுதலாக நின்று பிழைத்தது யார்? மான்செஸ்டர் யுனைடெட். அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று கடைசிநிமிடம் தம்பி சொல்லட்டும்.

#10 கடைசிநிமிடம்99

அண்ணாச்சி, அந்த மேட்சில் எதிரே ஆடியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நானே சொல்லிவிடுகிறேன். 1915 ஏப்ரல் 2, புனித வெள்ளி, ஓல்டு டிராஃபோர்டு. யுனைடெட் 2, லிவர்பூல் 0. ரெண்டு அணியிலும் சில பேர் 2-0 என்று முன்கூட்டியே பேசி வைத்து, ஒன்றுக்கு ஏழு என்று பந்தயம் கட்டியிருந்தார்கள். லிவர்பூலின் ஃபிரெட் பாக்னம் ஒரு பந்தைக் குறுக்குக் கம்பத்தில் அடித்துவிட, கோல் ஆகித் தொலைந்திருந்தால் என்ன ஆவது என்று சொந்த அணிக்காரர்களே அவரைத் திட்டினார்களாம். விசாரணையில் மூன்று பேர் எங்கள் ஆட்கள், நாலு பேர் உங்கள் ஆட்கள், ஆக ஏழு பேருக்கு ஆயுள் தடை. நாலு பெரிதா மூன்று பெரிதா அண்ணாச்சி?

லிவர்பூலும் யுனைடெடும் சேர்ந்து ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

#11 ஆன்ஃபீல்டு அண்ணாச்சி

போரில் ஆள் எங்கே, சம்பளம் எங்கே என்று தெரியாத காலம். பாவம் பையன்கள். ஆனால் பாருங்கள், 1919இல் ஆர்சனலுக்காகப் பேசிய மெக்கென்னாவும் எங்கள் லிவர்பூல்காரர். அன்றைக்கு வட லண்டன் சண்டையைப் பற்றவைத்த தீக்குச்சி எங்கள் பெட்டியிலிருந்து போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

#12 மட்டுறுத்துனர்

1915, 1919 இரண்டுக்கும் தனி இழை இருக்கிறது, எட்டுப் பக்கம் ஓடியிருக்கிறது. இங்கே கேள்வி இதுதான்: எதிரிக்கு லாபம் வரும் என்றால் நம் அணி தோற்கலாமா? கிளியைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம்.

#13 ஆன்ஃபீல்டு அண்ணாச்சி

அந்தக் கேள்விக்கு நானே சாட்சி. 2024க்கு 29 வருஷம் முன்னால், அதே மே 14. 1995, கடைசி நாள். பிளாக்பர்ன் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். அவர்கள் மேனேஜர் யார்? கென்னி டால்கிலிஷ், எங்கள் ராஜா. அவர்கள் தோற்று, யுனைடெட் வெஸ்ட் ஹாமில் ஜெயித்தால் கப் யுனைடெடுக்கு. நாங்கள் ஜெயித்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் இல்லை. யுனைடெடுக்கு அல்வா ஊட்டியதாக ஆகும்.

ஷியரர் முதலில் அடித்தார். எங்கள் மைதானத்தில் எங்களுக்கு எதிராக கோல், கூட்டம் சந்தோஷமாக இருக்கிறது. அப்புறம் பார்ன்ஸ் சமன் செய்தார். அதையும் ஒரு மாதிரி மென்று விழுங்கினோம். கடைசி நிமிடம் ஜேமி ரெட்நாப் ஃப்ரீ கிக், நேராக மூலையில் போய் விழுந்தது. 2-1. சொந்தப் பையன் அப்படி ஒரு கோல் போட்டு, நான் தலையில் கை வைத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். டால்கிலிஷ் முகத்தைக் காட்டினார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த நிமிடமே லண்டனிலிருந்து செய்தி வந்தது: அங்கே 1-1, யுனைடெடால் ஜெயிக்க முடியவில்லை. பிளாக்பர்ன் 89, யுனைடெட் 88. தோற்றவர்கள் குதிக்கிறார்கள், ஜெயித்த நாங்கள் அவர்களைக் கட்டிப்பிடிக்கிறோம்.

என் கட்சி என்னவென்றால், எங்கள் ஆட்டக்காரர்கள் விட்டுக் கொடுக்கவில்லை. ரெட்நாப் அடித்தார், அது அவர் வேலை. நான் தலையில் கை வைத்தேன், அது என் வேலை. ரெண்டையும் குழப்பக் கூடாது.

#14 கடைசிநிமிடம்99

அந்த மேட்ச் நினைவிருக்கிறது அண்ணாச்சி. வெஸ்ட் ஹாம் கோல்கீப்பர் மிக்லோஷ்கோ அன்றைக்கு மனுஷனே இல்லை, சுவர். ஆண்டி கோல் எத்தனை வாய்ப்பை விட்டார் என்று எண்ணுவதை நான் நிறுத்தி 30 வருஷம் ஆகிறது.

சரி, “அவர் வேலை, என் வேலை” என்கிறீர்கள். 2010 மே 2க்கு வருவோம். செல்சி ஆன்ஃபீல்டு வருகிறது, செல்சி சறுக்கினால் கப் எங்களுக்கு. ஜெரார்டு பின்னால் திரும்பி ஒரு பாஸ் கொடுக்கிறார். யாருக்கு? டிரோக்பாவுக்கு. 2-0. கடைசியில் செல்சி 86, நாங்கள் 85. அதுவும் அவர் வேலையா?

#15 ஆன்ஃபீல்டு அண்ணாச்சி

தவறுதலாகக் கொடுத்த பாஸ் தம்பி. ஜெரார்டு மேல் அந்தச் சந்தேகம் உள்ளவனுக்கு 2014ஐப் பார்த்தாவது தெளிந்திருக்க வேண்டும். செல்சிக்கு எதிராகச் சறுக்குவது அவருக்குத் தலையெழுத்து.

(இதை நானே எழுதினேன் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

#16 மிட்டாய்க்கடை

2014 என்று அண்ணாச்சியே ஆரம்பித்துவிட்டார், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது. ஜெரார்டு சறுக்கியது ஏப்ரல் 27. மே 3 அன்று சிட்டி குடிசன் பார்க்குக்கு வருகிறது. எங்கள் எவர்ட்டன் ஜெயித்தால் அதே ஊர் எதிரி லிவர்பூலுக்குக் கப் கிட்டத்தட்டக் கையில். எங்களுக்கும் நான்காம் இடத்துக்கு ஒரு நூலளவு வாய்ப்பு இருந்தது. பார்க்லி முதல் கோல் அடித்தார், என்ன அழகான கோல். நான் கைதட்ட இரண்டு கையையும் தூக்கினேன், பாதியிலேயே நிறுத்தினேன். கோயிலில் கும்பிடப் போகிறவன் மாதிரி கை நடுவில் நின்றது. கடைசியில் 3-2 சிட்டி. நாங்கள் தோற்றோம், அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். வெட்கமாக இருக்கிறதா என்றால் இல்லை.

ஆனால் அதைவிட ருசி எது தெரியுமா? 2024 ஏப்ரல் 24. யாரையும் தோற்க விடாமல் நாங்களே லிவர்பூலை 2-0 அடித்தோம். சொந்த மைதானத்தில் டெர்பி ஜெயித்து 13 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கப்பை குடிசனில் தொலைத்தீர்கள் என்று மைதானமே பாடியது. அந்த சீசனில் நிதி விதியை மீறினோம் என்று எங்களுக்கு முதலில் 10 புள்ளி வெட்டி, அப்பீலில் 6 ஆக்கி, அப்புறம் இன்னொரு 2 வெட்டி, நாங்கள் கணக்குப் பார்த்துக் கணக்குப் பார்த்து விரல் தேய்ந்திருந்தோம். அந்த ஒரு ராத்திரி எல்லாவற்றுக்கும் சேர்த்து.

#17 நீலச்சட்டை

ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் சிட்டி உதவியிருக்கிறது போல. நன்றி சொல்லிவிட்டுப் போங்கள்.

#18 மிட்டாய்க்கடை

எங்கள் கணக்கை ஒரே சீசனுக்குள் விசாரித்து, வெட்டி, அப்பீல் கேட்டு, மறுபடி வெட்டினார்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4 புள்ளி, அதுவும் சுடச்சுட. உங்கள் மேல் குற்றச்சாட்டு வைத்தது 2023 பிப்ரவரியில். விசாரணை 2024 டிசம்பரில் முடிந்தது. இதை எழுதும்வரை தீர்ப்பைக் காணோம். நான் குற்றவாளி என்று சொல்லவில்லை, கிளப் எல்லாவற்றையும் மறுக்கிறது, சரி. மிட்டாய்க்கடையில் தராசைச் சோதிக்க ஒரு மணி நேரம், நகைக்கடையில் தராசைச் சோதிக்க மூணு வருஷமா என்றுதான் கேட்கிறேன்.

#19 நீலச்சட்டை

உங்கள் கடையில் நீங்களே கணக்கை ஒப்புக்கொண்டீர்கள் அண்ணே, இங்கே ஒவ்வொன்றையும் மறுக்கிறோம். காகிதம் கூடினால் நாளும் கூடும். குற்றம் இல்லை என்று தீர்ப்பு வந்தால் இங்கே எத்தனை பேர் மன்னிப்புக் கேட்பீர்கள்?

#20 கடைசிநிமிடம்99

115 பேர்.

#21 சுத்தியல்

எல்லாரும் வெஸ்ட் ஹாமை வழியில் இருக்கிற பஸ் தரிப்பிடம் மாதிரிப் பாவிக்கிறியள். 1995 மிக்லோஷ்கோ எங்கட ஆள், 2024 கடைசி நாளில் சிட்டி கப் எடுத்ததும் எங்களை 3-1 அடித்துத்தான். நான் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். 2016 வரைக்கும் மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம், கிரீன் ஸ்ட்ரீட் முழுக்க புடைவைக்கடை, நகைக்கடை, நடுவில் வெங்காயம் பொரிக்கிற பர்கர் வண்டி. இப்ப அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள்.

சேவல்கொடி அண்ணை 1919 பற்றிக் கதைத்தார், 2006 பற்றி ஏன் வாய் திறக்கவில்லை? மே 7, கடைசி நாள். ஸ்பர்ஸ் எங்கட மைதானத்தில். அவையள் நாலாவது இடம், ஆர்சனல் ஒரு புள்ளி பின்னால. முதல் நாள் ராத்திரி ஹோட்டலில் சாப்பிட்டதில் பத்துப் பேருக்கு வயிறு கலங்கிப் போச்சுது. மேட்சைத் தள்ளிவைக்கக் கேட்டினம், விடவில்லை. நான் அன்றைக்கு உள்ளே இருந்தனான். ஸ்பர்ஸ் ஆட்கள் சூடு பிடிக்க ஓடுகிறபோதே முகம் கடதாசி நிறம். எங்கட பக்கம் நாற்பது வயது ஷெரிங்கம், பழைய ஸ்பர்ஸ் ஆள், ஒரு பெனால்டியை அடித்து ராபின்சன் பிடித்தார். பக்கத்தில் இருந்த கிழவர் “விசுவாசம் இன்னும் போகவில்லை” என்றார். பிறகு பெனயூன் அடித்து 2-1. அங்கே ஹைபரியின் கடைசி மேட்சில் ஆன்ரி மூன்று கோல் போட்டு புல்லை முத்தமிடுகிறார், ஆர்சனல் நாலாவது.

#22 சேவல்கொடி

அந்த ஹோட்டல் சாப்பாடு லசான்யா என்று சொல்லாமல் விட்டாயே, அதற்கு நன்றி தம்பி. பிற்பாடு சோதித்துப் பார்த்ததில் சாப்பாட்டில் குற்றமில்லை, வயிற்றுக் கிருமி என்றார்கள். ஆனால் உலகத்துக்கு அது லசான்யாதான். இன்றுவரை எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் மனைவி சிரிக்கிறாள், நான் வாழ்க்கையில் அதைச் சாப்பிட்டதே கிடையாது.

#23 பீரங்கிப் பாபு

இன்னமும் பதில் வரவில்லை. 1919, 1927, கிளி, லசான்யா எல்லாம் வந்துவிட்டது. சோன் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறார்.

#24 சேவல்கொடி

பொறு. நீ கேட்கிற குற்றத்தை எங்களுக்கு முதலில் செய்தவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 2016 மே 2, செல்சியின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ். ஜெயித்தால் முதலிடத்தில் இருந்த லெஸ்டரைத் துரத்தலாம். செல்சிக்கு அந்த சீசனில் இழக்க ஒன்றும் இல்லை, பெற ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்பர்ஸ் மட்டும் கப் எடுக்கக் கூடாது என்று ஹசார்டு முன்னாலேயே வெளிப்படையாகச் சொன்னார். கேன் ஒன்று, சோன் ஒன்று, இடைவேளையில் 2-0. அப்புறம் கேஹில். அப்புறம் 83வது நிமிடம் ஹசார்டு மூலையில் சுழற்றிவிட்டார், 2-2. வருஷம் முழுக்கத் தூங்கியவர் அன்றைக்கு எழுந்தார். எங்கள் ஆட்களுக்கு ஒன்பது மஞ்சள் அட்டை, ஒரே மேட்சில். டெம்பெலே கோஸ்டாவின் கண்ணில் விரலை விட்டு ஆறு மேட்ச் தடை வாங்கினார். பெருமைப்பட ஒன்றும் இல்லை. லெஸ்டர்காரர்கள் வார்டி வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்தபடியே சாம்பியன் ஆனார்கள்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்: அடுத்தவன் தோல்வியில்தான் சிலருக்கு அந்த வருஷத்துக் கப் இருக்கிறது.

#25 பீரங்கிப் பாபு

மே 15ஐயும் சொல்லி முடியுங்கள் அண்ணே. ஏற்கெனவே கீழே இறங்கிப்போன நியூகாசில், இழக்க எதுவும் இல்லாத நியூகாசில், உங்களை 5-1. நாங்கள் வில்லாவை 4-0. ரெண்டு குதிரைப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த ஒரே குதிரை உங்களுடையது.

#26 கடைசிநிமிடம்99

இந்த இழையில் ஒருவரும் டெனிஸ் லாவைச் சொல்லவில்லை. இது நிஜமாகவே கேள்விக்குப் பதில்.

1974 ஏப்ரல் 27, ஓல்டு டிராஃபோர்டு. யுனைடெட் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும் நிலை. எதிரே சிட்டி. சிட்டி பக்கம் ஆடுவது எங்களுக்காக ஐரோப்பிய விருதே வாங்கிய லா. 81வது நிமிடம் பந்து அவர் காலுக்குப் பின்னால் வருகிறது. யோசிக்க நேரம் இல்லை, குதிகாலால் தட்டினார், உள்ளே போய்விட்டது. சிட்டிக்காரர்கள் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார்கள், அவர் கை தொங்கிக் கிடக்கிறது, முகத்தில் ஒன்றும் இல்லை. உடனே மாற்றி வெளியே எடுத்துவிட்டார்கள். கூட்டம் உள்ளே புகுந்து மேட்சையே முடிக்க முடியவில்லை, முடிவு மட்டும் நின்றது.

எல்லோரும் “லாதான் யுனைடெடை இறக்கினார்” என்பார்கள். அது சரியில்லை. அன்றைக்கு பர்மிங்ஹாம் ஜெயித்ததால் லா அடிக்காமல் இருந்தாலும் நாங்கள் இறங்கியிருப்போம். பெஸ்ட், சார்ல்டன் பக்கத்தில் அவருக்கும் எங்கள் வாசலில் சிலை இருக்கிறது. 2025 ஜனவரியில் அவர் இறந்தபோது ரெண்டு பக்கமும் தலை குனிந்தார்கள்.

கால் தன் வேலையைச் செய்யும், மனசு பிறகு வரும். சோனும் அப்படித்தான் ஓடியிருப்பார்.

#27 நீலச்சட்டை

இதற்கு நான் கலாய்க்கவில்லை. என் மாமா சிட்டி ரசிகர், அந்த கோலைப் பற்றிப் பேசும்போது அவரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

#28 சேவல்கொடி

சரி பாபு. கடைசிநிமிடம் தம்பி வழி காட்டிவிட்டார், சொல்கிறேன்.

நம்மூரில் மேட்ச் ராத்திரி பன்னிரண்டரைக்கு. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். டி.வி. சத்தத்தை இரண்டில் வைத்திருந்தேன். மேட்சுக்கு முன்னால் எங்கள் மேனேஜர் போஸ்டகோக்லுவிடம் ரசிகர்கள் தோல்வியை விரும்புகிறார்களாமே என்று கேட்டார்கள், சொந்த அணி தோற்க வேண்டும் என்று நினைப்பது தனக்கு ஒருநாளும் புரியாது என்றார். நான் மனசுக்குள் சொன்னேன், நீங்கள் ஊருக்குப் புதிது, உங்களுக்குப் புரியாதுதான். ஆட்டத்தின் நடுவே அவர் திரும்பிப் பின்னால் இருந்த ரசிகர் ஒருவரோடு சண்டைக்கே போய்விட்டார். ஹாலண்ட் அடித்தபோது எனக்குக் கோபமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. பல் டாக்டரிடம் உட்கார்ந்திருப்பது போல இருந்தேன்.

மணி இரண்டேகால் இருக்கும். சோன் பந்தை எடுத்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். கையில் தண்ணீர்ச் சொம்பு. வாய் தானாக “அடி” என்றது. சத்தமாகவே சொல்லியிருக்கிறேன், உள்ளறையில் விளக்குப் போட்டார்கள். ஒர்டேகா தடுத்தார். சொம்புத் தண்ணீர் பாதி வேட்டியில். முதலில் வந்தது வருத்தம், அதில் பொய் இல்லை. இரண்டு விநாடி. அப்புறம் ஆர்சனல் ஞாபகம் வந்தது, வயிற்றுக்குள் ஐஸ் வைத்த மாதிரி ஒரு குளிர்ச்சி, சிரித்துவிட்டேன். நனைந்த வேட்டியோடு தனியாக நின்று சிரிக்கிறேன், மனைவி வாசலில் நின்று பார்க்கிறாள். “ஜெயிச்சாச்சா?” என்றாள். என்ன சொல்வது?

அடித்தளமே ஆட்டம் காண்கிறது என்ற பொருளில் மேட்ச் முடிந்ததும் போஸ்டகோக்லு பேசினார். என் வீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது போல இருந்தது. அடுத்த வருஷம் அதே மனுஷன்தான் லீக்கில் 17வது இடம் வந்தும் பில்பாவோவில் யுனைடெடை வீழ்த்தி எங்களுக்கு யூரோப்பா லீக் வாங்கிக் கொடுத்தார், 17 நாள் கழித்து அவரையும் வேலையை விட்டு அனுப்பினோம். அது தனிப் பாவம்.

ஆக, ஒரே வார்த்தை: “அடி”. இரண்டாவது வார்த்தையைக் கேட்காதே.

#29 சுத்தியல்

17 நாளா? அண்ணை எண்ணியே வைத்திருக்கிறார்.

#30 சேவல்கொடி

மே 21லிருந்து ஜூன் 6 வரை. பதினாறு. கோபத்தில் ஒன்று கூடிவிட்டது.

#31 பீரங்கிப் பாபு

கிண்டல் செய்ய நாலு வரி தட்டி வைத்திருந்தேன் அண்ணே, அழித்துவிட்டேன். பில்பாவோ என்று சொன்னீர்களே, அந்த ராத்திரி நானும் ஒன்று செய்தேன்.

மச்சான் யுனைடெட் ரசிகர். அவர் வீட்டில்தான் பார்த்தோம். ஸ்பர்ஸ் கப் எடுத்துவிடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக அவருடைய பழைய யுனைடெட் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஆம், நான்தான். பிரெனன் ஜான்சன் காலில் பட்டதா ஷா மேல் பட்டதா என்று தெரியாத ஒரு கோல். அப்புறம் ஹொய்லண்ட் தலையால் முட்டிய பந்து உள்ளே போய்விட்டது என்று நான் சோபாமேல் ஏறிக் கத்தினேன், வான் டெ வென் காற்றில் பறந்து கோட்டுமேலிருந்து உதைத்து வெளியேற்றினார். சோபாவில் நின்றபடியே நின்றேன். யுனைடெட் சட்டையோடு. மச்சான்கூட என்னளவுக்கு வருத்தப்படவில்லை.

#32 கடைசிநிமிடம்99

நீ அன்றைக்கு எங்கள் பக்கம் இருந்தாயா? இப்போதுதான் விளங்குகிறது.

#33 சேவல்கொடி

அந்தச் சட்டையோடு ஒரு போட்டோ போடு தம்பி. 4-1ஐயும் எஸேயையும் சேர்த்தே மன்னித்துவிடுகிறேன். வேண்டுமென்றால் 1919ஐக்கூடக் கொஞ்ச நாள் பேசாமல் இருக்கிறேன்.

#34 பீரங்கிப் பாபு

போட்டோ எல்லாம் இல்லை அண்ணே.

#35 பீரங்கிப் பாபு

இருக்கிறது. மச்சான் எடுத்து வைத்திருக்கிறார். அழிக்கச் சொல்லி ஆறு மாதமாகப் பேரம் நடக்கிறது.